வெள்ளி இரவு விளக்கு: ரபி வழியும் காராயர் வழியும்

யூதர்களில் ரபிகள் எனும் மதகுருக்களின் வழியினர், காராயர் என்று இரு தரப்பு. மோசேயின் வேதமான தோரா இரு தரப்புக்கும் ஒன்றுதான். தகராறு, ரபிகளின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த தல்மூத் பற்றியது. ரபி வழியினருக்கு அந்த வாய்மொழி மரபும் கட்டளை. 8ஆம் நூற்றாண்டில் பாக்தாத் பக்கம் கிளம்பிய காராயர் போக்குக்கு எழுதிய வேதமே போதும்.

வெள்ளி பொழுது சாயும்போது தொடங்கும் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்கிறது வேதம். ரபி வழி வீட்டில் வெள்ளி மாலை, பொழுது சாயும் முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். பழைய காராயர் வீட்டில் கும்மிருட்டு. முன்பே ஏற்றியதும் எரியக்கூடாது.

சரி, இந்த இரு வீட்டுக்கும் சம்பந்தம் நடந்தால்? நடந்திருக்கிறது. கெய்ரோ கெனீசாவில், அதாவது யூதத் தொழுகைக்கூடத்தில் பழந்தாள்களைப் போட்டுவைத்த அறையில், கிடைத்த திருமண ஒப்பந்தங்களில், காராய மனைவியை விளக்கோடு உட்காரக் கட்டாயப்படுத்துவதில்லை என்று கணவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். சண்டை நூல்களைவிட இந்தக் காகிதம்தான் எனக்குப் பெரிது.

அப்புறம், பிள்ளை யூதரா என்பதற்கு ரபி வழியில் தாயைப் பார்ப்பார்கள், காராயர் தந்தையை.