பார்வையற்ற ஆர்கன் கலைஞரைத் தேடி: கணக்கெடுப்பா, பள்ளிப் பதிவேடா?

என் மாமியார் யார்க்‌ஷயர்க்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கண் தெரியாது, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என்பது அந்த வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. அவரைத் தேடக் கிளம்பியபோது முன்னால் இருந்தவை மூன்று வழிகள்: பழைய செய்தித்தாள்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பார்வையற்றோர் பள்ளியின் ஆவணங்கள். மூன்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டேன். இன்னொருவர் கேட்டால் பள்ளியைத்தான் முதலில் காட்டுவேன்.

செய்தித்தாள் பேர்பெற்றவர்களுக்கு உதவும். 1865-இல் ஹல் நகரில் பிறந்து, யார்க் பள்ளியிலும் அப்புறம் லண்டன் அப்பர் நார்வுட்டில் இருந்த ராயல் நார்மல் கல்லூரியிலும் படித்த பார்வையற்ற ஆர்கன் கலைஞர் ஆல்ஃபிரெட் ஹாலின்ஸின் வாழ்க்கையைக் கச்சேரிச் செய்திகளை வைத்தே தொடரலாம். எங்கள் தாத்தா அந்த அளவுக்கு வளர்ந்தவர் இல்லை.

கணக்கெடுப்பு சுலபம். 1851 முதலே கண் தெரியாதவரா என்று கேட்கும் பத்தி உண்டு, வீட்டில் உட்கார்ந்தே தேடலாம். ஆனால் கணக்கெடுத்த இரவில் பிள்ளை பள்ளி விடுதியில் இருந்தால், உறவைச் சொல்லும் கட்டத்தில் 'மாணவர்' என்று மட்டும் இருக்கும். அப்பா, அம்மா பெயர் வராது. 1881 கணக்கெடுப்பில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில், அந்த மாவட்டத்தில் மூன்று பையன்கள். எவன் நம்முடையவன்?

முடிச்சை அவிழ்த்தது சேர்க்கைப் பதிவேடு. அதில் அவர் பெயருக்கு எதிரே ஒரே வரியில் எல்லாம் இருந்தது: வயது, ஊர், அப்பாவின் பெயரும் தொழிலும், இரண்டு வயதில் அம்மையால் பார்வை போனது என்ற குறிப்பு. இங்கிலாந்தின் திருமணச் சான்றிதழ்களில் 1837 முதல் மணமகனின் அப்பா பெயரும் அவர் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். குடும்பத்திடம் இருந்த சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே செருப்புத் தைக்கும் தொழில். மற்ற இரண்டு பையன்களையும் அன்றே ஒதுக்கிவிட்டோம். அப்பா பெயர் இல்லாத எந்த ஆவணமும் இந்த வேலையைச் செய்திருக்காது.

பணம் கட்டியது யார் என்பதையும் அதே வரி சொன்னது. பார்வையற்ற பிள்ளைகளின் படிப்பை உள்ளாட்சியின் பொறுப்பாக்கிய சட்டம் 1893-இல்தான் வந்தது. அதற்கு முன் ஏழைப் பிள்ளைக்கு நன்கொடையாளரோ, ஏழைகள் சட்டத்தின் கீழ் இயங்கிய பாதுகாவலர் குழுவோ கட்ட வேண்டும். எங்கள் பதிவில் இருந்தது பாதுகாவலர் குழு. அப்படியானால் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளிலும் அவர் பெயர் வர வாய்ப்பிருக்கிறது. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறேன்.

சிரமமும் இருக்கிறது. இணையத்தில் ஏறாத ஏடு, ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும், கையெழுத்து பழக ஒரு நாள் ஆகும். நான் பார்த்தது இரண்டு பள்ளிகளின் ஏடுகள்தான். இரண்டாவதில் பெற்றோர் பத்தி பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. ஆகவே எல்லாப் பள்ளியும் இவ்வளவு தரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பள்ளியை விட்டுப் போன தேதிக்குப் பக்கத்தில் 'பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்' என்று இருந்தது. ஆர்கன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தத் தேவாலயத்தில் வாசித்தார் என்று மாமியார் இப்போது கேட்கிறார். அதற்குப் பள்ளி ஏடு போதாது, ஊர்ச் செய்தித்தாள்களுக்குத்தான் திரும்ப வேண்டும்.