மார்கழிக் கழுத்துக்கு ஒரு பின்னல் பெட்டி

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாழ்கிறவர்களுக்கோ மார்கழியும் தையும் வேறு கதை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இந்த இரண்டு மாதங்களும் விடியற்காலையில் பல் கிட்டும். என் அப்பா தேன்கனிக்கோட்டைக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஐந்து மணிக்குப் பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர். சென்ற ஆண்டு அவருடைய மஃப்ளரின் நுனி அவிழ்ந்து பின்சக்கரத்தின் பக்கமாகப் பறந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: தொங்குகிற நுனியே இல்லாத, கழுத்தைச் சுற்றிப் பொத்தானால் பூட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை இந்தப் பனிக்காலத்துக்குள் பின்னித் தர வேண்டும். கடைகளில் அதற்கு நெக் வார்மர் என்று பெயர்.

தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் வளையமாகவே பின்னிவிடலாமே என்று கேட்கலாம். ஹெல்மெட்டும் மூக்குக்கண்ணாடியும் போடுகிறவருக்கு அது சரிப்படாது. வளையத்தைக் கழற்ற வேண்டுமானால் முதலில் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும்; கண்ணாடியும் அதோடு வந்துவிடும். பொத்தான் வைத்த பட்டையை ஒரு கையாலேயே அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இதற்காக நான் வாங்கியது, இணையத்தில் விற்கும் ஒரு பின்னல் பெட்டி. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரிப் பெட்டிகளைப் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடும். கூரியர் கட்டணம் சேர்த்து 780 ரூபாய் ஆனது. ஆறாம் நாள் வந்து சேர்ந்த அட்டைப் பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் இரண்டு நூல் உருண்டைகள், 5.5 மி.மீ. அலுமினியக் குரோஷா ஊசி (குரோஷே பின்னலுக்கான, நுனியில் கொக்கியுள்ள ஊசி), தேங்காய்ச் சிரட்டையில் செய்த மூன்று பொத்தான்கள், நூல் நுனிகளைச் செருகுவதற்கு ஒரு மொண்ணை ஊசி, பின்னும் முறையை விளக்கும் மடித்த தாள் ஆகியவை இருந்தன.

முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியில் எந்தக் குறையும் சொல்ல முடியாத பொருள் அது ஒன்றுதான். எங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் குரோஷா ஊசி கேட்டால், மேசை விரிப்பு பின்னுவதற்கான மெல்லிய எஃகு ஊசிகளைத்தான் எடுத்து வைப்பார்கள். பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் நான் பிடித்துப் பழகியதும் அந்த ஊசியைத்தான். தடித்த உல்லன் நூலுக்கு அது கொஞ்சமும் உதவாது. பெட்டியில் வந்த ஊசிக்கு ரப்பர் பிடி உண்டு. கொக்கியின் கழுத்து வழுவழுப்பாக இருப்பதால் இழை எங்கும் பிசிறவில்லை. மூன்று மாலைகள் தொடர்ந்து பின்னியும் விரல் வலிக்கவில்லை.

நூலின் கதை அவ்வளவு நேரானதல்ல. விளம்பரத்தில் ‘மென்கம்பளி நூல்’ என்று இருந்தது. உருண்டையின் மேல் சுற்றியிருந்த தாளிலோ எந்த இழை எத்தனை சதவீதம் என்ற விவரமே இல்லை. நம் ஊரில் செம்மறியாட்டு மயிரில் திரித்ததையும் உல்லன் என்கிறோம், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் அக்ரிலிக்கையும் உல்லன் என்கிறோம். எது எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். அசல் கம்பளியானால் தலைமயிர் கருகும் நாற்றம் அடிக்கும், தீயை விலக்கினால் தானே அணையும், எஞ்சிய கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக்கோ உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக இறுகிவிடும். எனக்குக் கிடைத்தது கறுப்பு மணிதான். மயிர் கருகும் வாசனை சிறிதும் இல்லை.

இதில் எனக்குக் கோபம் வந்தது விற்றவரின் சொல்லுக்காகத்தான், அக்ரிலிக்குக்காக அல்ல. சொல்லப்போனால், அப்பாவின் உபயோகத்துக்கு அக்ரிலிக் பொருத்தமானது. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கி, கழுத்துப் பட்டை குழந்தைக்குரியதாகிவிடும். எங்கள் வீட்டிலோ துணிகள் எல்லாம் ஒரே பக்கெட்டில், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் ஊறுகின்றன. தனியாக அலச யாருக்கும் பொறுமை இல்லை. தாத்தா காலத்தில் சந்தையில் வாங்கிய கறுப்புக் கம்பளி ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது, அதன் குத்தல் சாக்குப்பையை நினைவுபடுத்தும். அந்த அரிப்பும் இந்த நூலில் இல்லை. ஆனால் அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது. நல்ல கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு உலர்ந்தது போலவே தோன்றும். இந்தப் பட்டை எட்டு மணி வெயிலில் வியர்த்ததும் கழுத்தில் ஒட்டிக்கொள்வதாக அப்பா சொல்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையை அந்தத் தாளில் அச்சிட்டிருக்க வேண்டும், அச்சிடவில்லை. கிராமத்து வீடுகளில் குளிர்காலத்தில் எழுந்ததும் வெந்நீர் அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து குளிர்காய்வது வழக்கம். அக்ரிலிக் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டையை அப்பா கையில் கொடுத்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, அடுப்பைவிட்டு எழுந்து வந்த பிறகுதான் அதைக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்பது.

இனி, பின்னும் முறையை விளக்கும் தாள். என் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான். பட்டையின் உயரத்துக்கு 24 தையல்கள் போட்டு, வரிசை வரிசையாகக் கழுத்தின் சுற்றளவை நோக்கி வளர்க்க வேண்டும் என்பது அதன் திட்டம். திட்டம் நல்ல திட்டம். ஒவ்வொரு தையலையும் முந்தைய வரிசையின் பின்பக்கக் கண்ணில் மட்டும் குத்தி ஹாஃப் டபுள் குரோஷேயாகப் போட்டால், அதாவது ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, குத்தி, இழுத்து, ஊசியில் நிற்கும் மூன்று கண்களையும் ஒரே இழுப்பில் கழற்றினால், வரிசைக்கு வரிசை வரம்பு போன்ற மேடு எழும்பி வரும். அணியும்போது அந்த மேடுகள் செங்குத்தாக நிற்கும், துணி கழுத்தைச் சுற்றி ரப்பர் போல நெகிழும். என் கைக்குப் பத்து சென்டிமீட்டரில் 13 தையல்களும் 9 வரிசைகளும் வந்தன. ஆகவே 24 தையல்களில் பதினெட்டரை சென்டிமீட்டர் உயரமும், 54 வரிசைகளில் 60 சென்டிமீட்டர் நீளமும் கிடைத்தன. இந்த அளவுக் கணக்கு தாளில் இல்லவே இல்லை. ‘54 வரிசை பின்னுக’ என்று மட்டும் இருக்கிறது. கை இறுக்கமாகப் பின்னுகிறவருக்கு அதே 54 வரிசைகள் 50 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், அப்பாவின் ஸ்வெட்டர் காலரின் மேல் பொத்தான் எட்டாது. ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது உயரத்துக்காகப் போடும் சங்கிலிக் கண்ணைத் தையலாக எண்ண வேண்டுமா கூடாதா என்றும் அது சொல்லவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 24 தையல் பத்து வரிசைக்குள் 21 ஆகிப் பட்டை கூம்பாவது இதனால்தான். நான் ஒரு சங்கிலி போட்டு, அதை எண்ணாமல் விட்டேன். ஓரம் நேராக வந்தது.

இன்னும் மோசமானது, தாளில் இரண்டு நாட்டு வழக்குகள் கலந்திருப்பது. குரோஷேயில் அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிற குட்டைத் தையலை பிரிட்டன்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்கர்களின் டபுளோ நெட்டைத் தையல்; பிரிட்டனில் அதற்கு டிரெபிள் என்று பெயர். ஹாஃப் டபுள் என்ற பெயர் அமெரிக்க வழக்கில்தான் உண்டு. எனவே தாள் முழுவதும் அமெரிக்க முறை என்று நம்பி, கடைசி ஓரத்துக்குச் சொல்லியிருந்த டபுள் குரோஷேயை நெட்டைத் தையலாகப் போட்டேன். ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலை அலையாக விரிந்தது. படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் அதில் இருப்பது குட்டைத் தையல் என்று தெரிந்தது. குரோஷேயில் ஒரு வசதி, நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழையாகப் பிரிந்து வந்துவிடும், எதுவும் வீணாகாது. வீணானது ஒரு மாலைப் பொழுது மட்டும்.

காஜா விஷயத்திலும் தாள் தவறியது. நான்கு தையல்களைத் தாண்டி நான்கு சங்கிலி போட வேண்டும் என்கிறது அது. அப்படிச் செய்தால் மூன்று சென்டிமீட்டர் வாய் திறக்கிறது. பொத்தானின் விட்டமோ 25 மி.மீ. பின்னல் துணி தறித்துணி போல அல்ல, இழுக்க இழுக்க இடம் கொடுக்கும்; ஆகவே காஜா எப்போதும் பொத்தானைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முதல் நாளே சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பொத்தான்கள் நழுவிவிட்டன. “பட்டன் போட்டா நிக்க மாட்டேங்குதும்மா, பழைய மஃப்ளரையே குடு” என்றார் அப்பா. கடைசி இரண்டு வரிசைகளைப் பிரித்து, மூன்று தையல், இரண்டு தையல் அளவுக்கு ஒரு காஜா, ஆறு தையல், காஜா, ஆறு தையல், காஜா, மூன்று தையல் என்று மாற்றினேன். 24 கணக்கும் சரியாக வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் வாயில் பொத்தான் கொஞ்சம் முரண்டு பிடித்து நுழைகிறது, நுழைந்தால் அசைவதில்லை.

சிரட்டைப் பொத்தான்கள் அழகானவை, எடையும் குறைவு. ஒன்றில் மட்டும் துளையின் விளிம்பு கூராக இருந்து தையல் நூலை அறுத்தது; உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தேன். பொத்தான்கள் தாடைக்கு நேர் கீழே வந்தால் ஹெல்மெட் வாரின் கொக்கியோடு மோதும், அதனால் அப்பா பட்டையைச் சற்றே சுழற்றி அவற்றை இடது காதுக்குக் கீழே வரும்படி அணிகிறார்.

பின்னி முடித்ததும் இஸ்திரி போடச் சொல்கிறது தாள். தயவுசெய்து செய்யாதீர்கள். மாதிரித் துண்டு ஒன்றின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். மேடுகளெல்லாம் படுத்துவிட்டன, துணி பளபளத்துத் தொய்ந்துபோயிற்று, பிறகு எத்தனை முறை துவைத்தும் எழும்பவில்லை. ஈரத்துணியில் சுருட்டி வைத்து, கையால் இழுத்துச் சமன் செய்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

ஐந்து வாரங்களாக அப்பா இதை அணிகிறார். காற்று புகவில்லை, வடிவம் மாறவில்லை. முகவாயின் முள்தாடி உரசுகிற மேல் ஓரத்தில் மட்டும் சிறு சிறு உருண்டைகள் திரண்டிருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகிறேன்.

விலையைப் பற்றி: இதே தடிமன் நூலை ஓசூரில் நூறு கிராம் உருண்டை ஒன்று 130 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். முடிந்த பட்டையைச் சமையலறைத் தராசில் வைத்தால், பொத்தானையும் சேர்த்து 126 கிராம். ஆக இரண்டு உருண்டைகள் தேவைதான். ரப்பர் பிடி ஊசி 120, பொத்தான் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 410க்கு மேல் போகாது. மிச்சம் 370 ரூபாய் அந்தத் தாளுக்கும் அட்டைப் பெட்டிக்கும் கூரியருக்கும் கொடுத்ததாகிறது. தாள் சரியாக இருந்திருந்தால் இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஏற்கெனவே பின்னத் தெரிந்தவர்கள் பொருள்களைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்; புதிதாகப் பழகுகிறவர்கள், பக்கத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தாலன்றி, இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்பேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டு உருண்டைகளின் தாளிலும் சாயத் தொகுதி எண் வேறு வேறாக இருந்தது. ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் நிறம் இம்மியளவு மாறுவதால்தான் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். ஒரே பெட்டியில் வைப்பவர்கள் அதைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ட்யூப்லைட்டில் எனக்குத் தெரியவில்லை, மறுநாள் திண்ணை வெளிச்சத்தில் நாற்பதாவது வரிசைக்குப் பிறகு கோடு கிழித்தது போல நிறம் மாறியிருந்தது. அதையும் பிரித்து, இரண்டு உருண்டைகளையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னியதில் வேறுபாடு கலந்து மறைந்தது. நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். மரியாதையாகப் பதில் எழுதி, பத்து நாளில் இலவசமாக ஓர் உருண்டை அனுப்பிவைத்தார்கள். அதன் சாய எண் முந்தைய இரண்டிலும் சேராத மூன்றாவது எண்.