ரைஸ் மில் தூசிக்குள் பைபர் சென்சர்: ஒரு மின்வேலைக்காரனின் மதிப்பீடு

சம்மாந்துறை, நிந்தவூர் பக்கத்து அரிசி ஆலைகளில் மின்வேலை பார்ப்பது என் தொழில். ஆலை முதலாளிமார் என்னிடம் ஓயாமல் கேட்பது, இந்தத் தூசிக்குள் தாக்குப்பிடிக்கிற சென்சர் எது என்றுதான். ஒரு பெரும்போக அறுவடை முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகு தைரியமாகச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் பைபர் சென்சர், அதாவது பிளாஸ்டிக் இழை வழியாக ஒளி அனுப்பி, குறுக்கே நெல் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சர். ஆனால் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது, ஒளியை அனுப்பி அளக்கும் பெட்டியான ஆம்பிளிஃபையரை. பார்க்க வேண்டியது பைபரை.

நான் பூட்டிய இடம், உமி நீக்கும் மெஷினுக்கு மேலே உள்ள ஹொப்பரின், அதாவது நெல் தொட்டியின் வாய். அந்த மெஷினில் இரண்டு ரப்பர் ரோல்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் நெல் விழுந்துகொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. நெல் நின்றுவிட்டால் ரப்பரும் ரப்பரும் உரசிச் சூடாகி, ரோல் வீணாகத் தேயும். ஆகவே நெல் தீர்ந்த உடனே ரோல்களை விலக்கச் சொல்லி ஒரு சிக்னல் போக வேண்டும்.

இந்த வேலைக்கு வழக்கமாகப் போடுவது, பொருள் அருகே வந்தால் மின்புலம் மாறுவதை வைத்து உணரும் கெப்பாசிட்டிவ் சென்சர். அதைக் குறை சொல்ல மாட்டேன். விலை குறைவு, தூசியையும் பெரிதாகக் கணக்கெடுக்காது. ஆனால் நெல்லின் ஈரப்பதம் மாறினால் அதன் கணக்கும் மாறும். நன்றாகக் காய்ந்த நெல்லுக்குத் திருகி வைத்த செட்டிங், கொஞ்சம் ஈரமான நெல் வந்ததும் பொருந்தாது. மழைக்காலத்தில் திருகாணியோடு ஏணியில் ஏறி இறங்குவதே வேலையாகிவிடும். ஒளிக்கு அந்தக் கவலை கிடையாது. நெல் ஈரமோ காய்ச்சலோ, குறுக்கே வந்தால் வெளிச்சம் மறையும், அவ்வளவுதான்.

பைபர் சென்சரில் எனக்கு மிகவும் பிடித்தது, நெல் ஓடும் இடத்தில் மின்சாரமே இல்லை என்பது. ஆம்பிளிஃபையர் கொன்ட்ரோல் பெனலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் உள்ள சிவப்பு எல்இடியின் ஒளி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழைக்குள் பட்டுப் பட்டுத் திரும்பிக்கொண்டே, இழையின் நுனியில் உள்ள தலை வரைக்கும் போகிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. சுற்றியிருக்கும் மெல்லிய படலத்தினுடையது அதைவிடக் குறைவு. அதனால்தான் ஒளி வெளியே கசியாமல் போகிறது. பக்கத்தில் பெரிய மோட்டர் ஸ்டார்ட் ஆனாலும் இழைக்குள் எந்த மின் இரைச்சலும் ஏறாது. அரிசித் தூசி காற்றில் திரண்டால் ஒரு பொறியில் தீப்பற்றக்கூடியது. அப்படிப்பட்ட இடத்துக்கு வயர் இழுக்காமலே வேலை முடிகிறது.

பைபர் தலைகள் இரண்டு வகை. ஒரே தலையில் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பிடிப்பது ஒன்று. எதிரெதிரே இரண்டு தலைகளை வைப்பது மற்றது. மில்லுக்கு இரண்டாவதையே வாங்குங்கள். முதல் வகையின் முகத்தில் தவிடு அப்பிக்கொண்டால் அந்தத் தவிட்டிலேயே ஒளி பட்டுத் திரும்பி, நெல் இருப்பதாகப் பொய் சொல்லும். ரோல் தேய்வது அந்தப் பொய்யால்தான். எதிரெதிர் வகையிலும் தூசி படிந்தால் ஒரு கட்டத்தில் அதே பொய் வரும். ஆனால் அங்கே வந்து சேரும் ஒளியைக் காட்டும் எண் மெதுவாக இறங்குவது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்.

அந்த எண்ணுக்காகவே இரட்டை டிஸ்பிளே உள்ள ஆம்பிளிஃபையர் எடுத்தேன். பச்சையில் நான் வைத்த எல்லை, சிவப்பில் இப்போது வந்து சேரும் ஒளி. ஹொப்பர் வெறுமையாக, தலைகள் சுத்தமாக இருக்கும்போது சிவப்பில் 3200 அளவில் நிற்கும். நெல் மூடினால் நூறுக்கும் கீழே விழும். எல்லையை 800இல் வைத்திருக்கிறேன். தூசி ஏற ஏற 3200 என்பது 2900, 2500 என்று இறங்கி வரும். 1500க்கு வந்தால் துடைக்கச் சொல்லி மில் பொடியனுக்குப் பழக்கியிருக்கிறேன். பெனல் கண்ணாடிக்கு வெளியே நின்றே அவன் பார்த்துச் சொல்லிவிடுகிறான். கலர் சோர்ட்டர் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் மெஷின்) உள்ள மில் என்றால் காற்றுக் கம்பிரசர் எப்படியும் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தலைக்கு அருகே விட்டு, இடைக்கிடை காற்று அடிக்க வைத்தால் துடைப்பதும் குறையும். காற்றில் எண்ணெயோ தண்ணீரோ வராமல் பில்டர் கட்டாயம்.

பைபரை வெட்டுவது தனி வேலை. கூடவே ஒரு சின்னக் கட்டர் தருவார்கள். அதில் பல துளைகள் இருக்கும், ஒரு துளையில் ஒருமுறைதான் வெட்ட வேண்டும். இரண்டாம் முறை பிளேட் மழுங்கியிருக்கும், வெட்டு முகம் கீறலாகி ஒளி அங்கேயே சிதறிவிடும். சேவிங் பிளேட், குறடு எதுவும் வேண்டாம். வளைவிலும் கவனம். சாதாரண இழையை 25 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக மடிக்காதீர்கள். இடம் நெருக்கம் என்றால் பல நுண்ணிழைகள் சேர்ந்த, வளையக்கூடிய வகை இருக்கிறது. அப்புறம் எலி. மில்லில் எலி கடிக்காத பிளாஸ்டிக் இல்லை, இரும்பு பிளெக்சிபிள் குழாய்க்குள் விட்டே இழுங்கள். அறுந்தால் வீட்டு இணைய பைபர் ஒட்டுகிறவர்களைக் கூப்பிட்டுப் பலனில்லை. அவர்களுடைய மெஷின் கண்ணாடி இழையை உருக்கி ஒட்டுவது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஒன்லைனில் வாங்கிய மலிவு பைபர் சோடியில், தலைக்கும் இழைக்கும் நடுவில் இருந்த பசை அதிர்வில் விட்டுவிட்டது. சிவப்பு எண் சும்மா நிற்கும்போது ஒன்று, மெஷின் ஓடும்போது வேறொன்று. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில், தலையைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்து வாங்கிய சோடியில் அந்தக் கோளாறு இல்லை. ஆம்பிளிஃபையர் இரண்டுக்கும் அதேதான்.

ஒலுவில் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி ஒருவர் புரொஜெக்ட்டுக்காக வந்து பார்த்துவிட்டு, "காக்கா (அண்ணா), இந்த நம்பரைக் கம்பியூட்டருக்கு எடுக்கலாமா?" என்று கேட்டார். என்னிடம் உள்ளதில் முடியாது, உண்டு இல்லை என்ற சிக்னல் மட்டும்தான் வெளியே வரும். ஆய்வுக்கு வாங்குகிறவர்கள் ஒளியின் அளவையே சிக்னலாக வெளியே தரும் அனலொக் அவுட்புட் உள்ள மொடலைக் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு வேண்டியது களப்புத் தண்ணீரின் உப்பை அளப்பது. அதற்கு இந்தப் பெட்டியே தேவையில்லை, வெறும் பிளாஸ்டிக் இழையும் எல்இடியும், ஒளியை மின்சாரமாக மாற்றும் போட்டோடயோடும் போதும் என்றேன். இழையின் மேல் படலத்தை ஓரிடத்தில் நீக்கி, யூ வடிவில் வளைத்து நீரில் விட்டால், நீரின் ஒளிவிலகல் எண் கூடக் கூட ஒளி கூடுதலாகக் கசியும். நல்ல நீருக்கு அந்த எண் 1.333, கடல் நீருக்கு ஏறக்குறைய 1.339. வித்தியாசம் சிறியது, வெப்பநிலையும் குழப்பும். ஆனாலும் செய்துபார்க்க வேண்டிய வேலை, மனதார வாழ்த்தினேன்.

விலை, சாதாரண கெப்பாசிட்டிவ் சென்சரைப் போலச் சில மடங்கு. ரோல் வீணாவதோடு கணக்குப் பார்த்தால் எனக்குச் சரி. நெல் அவிக்கும் பக்கத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் இழை பெரும்பாலும் 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும், நீராவிக் குழாய் அருகே கண்ணாடி இழை உள்ள தலைதான் வேண்டும்.