கழுதுருட்டிக் கஞ்சிக்கடை: சைக்கிள் மிதிப்பவனின் கணக்கில்

செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் புனலூர் வரை சைக்கிளில் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பாதையில்தான் மிதிக்கிறேன். விடியுமுன் கிளம்பி, புளியரையின் எஸ் வளைவை இருட்டோடு ஏறிக் கடந்து, ஆரியங்காவில் சற்று மூச்சு வாங்கினால், அதன்பின் தென்மலை வரை பெரும்பாலும் இறக்கம்தான். ஆனால் இறங்கியதற்கெல்லாம் திரும்பும்போது வட்டியோடு செலுத்த வேண்டும். அதுவும் வெயில் ஏறிய பிறகு, மூன்று மணி நேரம் உழைத்துக் களைத்த கால்களோடு. அந்த ஏற்றப் பாதையில், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கஞ்சிக்கடை இருக்கிறது. ஓராண்டாக அங்கே சாப்பிட்டு வருகிறேன்.

அதற்கு முன்பெல்லாம் பாலில்லாத ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு மிதிப்பதே எடை குறைக்கும் வழி என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் ஆரியங்காவுக்கு முந்தைய வளைவில் கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை பூத்து, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தவனால் அரை மணி நேரம் எழ முடியவில்லை. காரணம் எளிய கணக்குத்தான். தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையும் கல்லீரலில் 100 கிராம் அளவிலும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேர்த்துவைக்கும் சர்க்கரை, இருக்கும். அதைக் கொண்டு ஏறக்குறைய 2000 கலோரிக்கான வேலையைச் செய்யலாம். இந்தப் பயணத்துக்கு எனக்கு அதற்கு மேலேயே செலவாகிறது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாக எரிவதால், மூச்சிரைக்க ஏறும் வேகத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே நீண்ட நேரம் உழைப்பவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தை வழியிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் பொதுவான அறிவுரை. பையில் வைத்துக்கொள்ளும் இனிப்புக் கூழான ஜெல் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம்தான் இருக்கும்; மூன்றாவது பொட்டலத்தின் தித்திப்பில் எனக்குக் குமட்டுகிறது.

இந்தக் கடையின் கஞ்சிக்கு அந்தக் குறை இல்லை. மட்ட அரிசி என்னும் கேரளச் சிவப்பரிசி குழையாமல், ஆனால் நகத்தால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் வெந்திருக்கும். கடைக்கார அக்கா கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுப்பதால், சோறும் நீரும் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே அளவில் விழும். உடன் தேங்காய் சேர்த்த சிறுபயறுப் பொரியலான தோரனும் உப்பிலிட்ட மாங்காயும் உண்டு. கரண்டிக்குப் பதிலாகப் பலா இலையைக் கூம்பாக மடித்து, ஈர்க்குச்சி குத்தித் தருகிறார். அழகுக்காகச் செய்வதென்றே முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இலையில் ஒரு வாய்க்கு மேல் கொள்ளாது என்பதால், பசியின் அவசரத்தில் இருப்பவனும் நிதானமாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. கடும் உழைப்பின்போது இரத்தம் கால்களுக்குத் திருப்பப்பட்டு வயிறு மந்தமாகிவிடுவதால், அள்ளிக் கொட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் அத்தனையும் தொண்டைக்கு வரும். உப்பும் இங்கே முக்கியம். வியர்வையில் உப்பை இழந்துகொண்டே மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்துவிடும். கஞ்சித்தண்ணீரும் மாங்காயும் அந்தக் கவலையைப் பெருமளவு தீர்க்கின்றன.

கடையின் சிறந்த பண்டம் எதுவென்று கேட்டால், மரவள்ளிக்கிழங்கு என்றுதான் சொல்வேன். முதலில் கொதித்த நீரை முழுவதும் வடித்துவிட்டு, புது நீரில் மீண்டும் வேகவிடுகிறார்; கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த நஞ்சை நீக்க இது தேவை. நூறு கிராம் கிழங்கில் 30 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருப்பதால், ஒரு சிறு தட்டு எனக்கு ஒரு மணி நேரத்துக்குப் போதும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்தைச் சமாளிக்க இக்கிழங்கைப் பரப்பியவர். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்சியில் இருந்ததால், எங்கள் வீட்டு அடுப்புக்கும் இது அயல் சரக்கு அல்ல. தொட்டுக்கொள்ளும் காரமான காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியை (துவையலை) மட்டும் ஏற்றத்துக்கு முன் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பழம்பொரியின், அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியின், மணம் சைக்கிளைத் தானே நிறுத்தும். ஆனால் எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு நகர நேரமாகும் என்பதால், அதை வீடு திரும்பியபின் தின்னும் பரிசாக வைத்துக்கொள்ளலாம். அதே நேந்திரம்பழத்தைப் பொரிக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மிதிக்கும்போது உதவும். புட்டுக்குத் தரும் கடலைக்கறி சுவையானதுதான், ஆனால் அதைத் தின்றுவிட்டு ஏறிய ஒருமுறை வயிறு உப்பி அவதிப்பட்டேன்.

குறைகளும் உண்டு. குடிப்பதற்குப் பதிமுகம் என்னும் மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு நீரையே தருகிறார்கள். அது ஆறாமல் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்ற முடியாது என்பதால் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பத்து மணிக்குச் சம்மந்தி புளித்திருந்தது. சொன்னதும், "விடியக்காலம் அரைச்சதுல்லா அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டார், காசும் வாங்கவில்லை. கைபேசிக்குச் சிக்னல் சரிவரக் கிடைக்காது என்பதால் சில்லறை நோட்டுகள் அவசியம். சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பிகூட இல்லை. பெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

கஞ்சி ஒன்பதரை மணிக்கு மேல் நிச்சயமில்லை, பாலருவிக்குப் போகும் கூட்டம் வந்துவிட்டால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை வண்டிகள் நிற்கும்போது பெஞ்சில் இடமே கிடைப்பதில்லை. ஆகையால் போகும்போதே நின்று சொல்லிவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது வாழை இலையில் கட்டிய கிழங்குப் பொட்டலம் ஒன்று, சம்மந்தி தனியாக, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருக்கிறது.