தோல் கம்பெனிக்கும் ஜவுளிக் கடைக்கும் தரவு அலசல்: எக்செலா, பவர் பிஐயா, கூகுளா, வெளியாளா?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இருபது ஆண்டுக்கு மேல் நடக்கும் ஒரு தோல் கம்பெனிக்குத் தரவுக்குப் பஞ்சமில்லை. கொள்முதலும் விற்பனையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கின்றன. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் என்றால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதியும் மின் பில்) கோப்புகளும் சேர்ந்திருக்கும். தோல் பதனிடும் டிரம்மில் எத்தனை தோல் போட்டார்கள், எவ்வளவு குரோம் ரசாயனம் போனது, தரம் பிரிக்கும் செலக்ஷனில் என்ன தரம் வந்தது என்பதெல்லாம் மேஸ்திரியின் நோட்டில். சிக்கல் என்னவென்றால் டேலியில் இருப்பது பில் எண், நோட்டில் இருப்பது லாட் எண், அதாவது சேர்த்துப் பதனிடும் ஒரு தொகுதித் தோலின் எண். இரண்டையும் இணைக்கும் பொது எண் இல்லாமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் அழகான படம்தான் கிடைக்கும், பதில் கிடைக்காது.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஆயிரம் ஆட்டுத்தோல் கொண்ட இரண்டு லாட்டுகள். தோல் விலை, ரசாயனம், கூலி எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 3,20,000 ரூபாய் ஆகிறது. முதல் லாட் 4,800 சதுர அடி தருகிறது. அடக்கம் சதுர அடிக்கு 66.67 ரூபாய். இரண்டாவது 4,500 சதுர அடிதான், அடக்கம் 71.11. அடிக்கு 4 ரூபாய் 44 காசு வித்தியாசம். டேலியில் இரண்டும் ஒரே ஸ்டாக் ஐட்டமாக, சராசரி விலையில் கலந்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. எந்த மண்டிக்காரரின் தோல் குறைவாக அளந்தது என்பதும் தெரியாது. இதற்கு மருந்து டேலியிலேயே இருக்கிறது: ஐட்டத்துக்கு பேட்ச் வசதியைப் போட்டு, பேட்ச் எண்ணாக லாட் எண்ணையே எழுதுவது. அலசல் மென்பொருள் வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

எக்செல்

பெரும்பாலான நிறுவனங்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பல கோப்புகளைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பவர் குவெரி என்ற கருவி எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். டேலி பிரைமில் மாதாமாதம் விற்பனைப் பதிவேட்டையும் கொள்முதல் பதிவேட்டையும் ஏற்றுமதி செய்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். எக்செலின் டேட்டா மெனுவில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் எல்லா மாதமும் ஒரே அட்டவணையாகும். அடுத்த மாதக் கோப்பைப் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும். மேஸ்திரியின் நோட்டை லாட் எண், தேதி, எண்ணிக்கை, சதுர அடி, தரம் என்று ஐந்தே பத்திகளில் தட்டச்சு செய்து, லாட் எண்ணை வைத்துச் சேர்த்துவிட்டு பிவட் (தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) போடுங்கள். ஒரு தாளில் 10,48,576 வரிசை கொள்ளும். ஒரு தோல் பதனிடும் ஆலையின் பத்தாண்டுக் கொள்முதல், விற்பனை வரிகளுக்கு அது பெரும்பாலும் போதும்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. முதலாவது, டேலியிலிருந்து வரும் எக்செல் கோப்பில் பற்றும் வரவும் பல சமயம் செல்லின் வடிவமைப்பில் மட்டுமே எழுத்தாகத் தெரியும். பவர் குவெரி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரண்டும் ஒரே குறியில் வந்து விழும். பீஸ், கிலோ என்ற அலகும் அப்படியே காணாமல் போகும். பற்று, வரவுக்குத் தனிப் பத்தி உள்ள அறிக்கையை ஏற்றுமதி செய்யலாம். அல்லது எக்ஸ்எம்எல்லாக எடுக்கலாம், அதில் பற்றுத் தொகை கழித்தல் குறியுடன் வரும். இரண்டாவது, அறிக்கையின் அடியில் உள்ள கூட்டுத்தொகை வரியும் ஒரு பதிவாக உள்ளே வந்து விற்பனையை இரட்டிப்பாக்கும். அதை வடிகட்டிய பின் மொத்தம் டேலியோடு பைசா வரை பொருந்துகிறதா என்று ஒவ்வொரு மாதமும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-08 என்ற ஆகஸ்ட் தேதி மே மாதத்துக்குப் போய்விடும். தேதிப் பத்தியை இந்திய ஆங்கில அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள். அலகிலும் கவனம் வேண்டும்: வெளிநாட்டு வாங்குபவர் சதுர மீட்டரில் கேட்பார், நம் நோட்டு சதுர அடியில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

ஏற்றுமதி இறக்குமதி வேலையே வேண்டாம் என்றால் ஓடிபிசி (மென்பொருள்களிடையே தரவைக் கடத்தும் இணைப்பு) வழியாக எக்செலை டேலியோடு நேரடியாக இணைக்கலாம். டேலி திறந்திருக்க வேண்டும். போர்ட் வழக்கமாக 9000. டேலி 64 பிட், எக்செல் 32 பிட் என்று இருந்தால் இணைப்பு கிடைக்காது. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஒரே பிட்டில் மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும்.

எக்செல் உடனே பலன் தரும் ஒரு கேள்வி: சிறு, குறு உற்பத்தியாளர்களுக்குத் தரவேண்டிய பாக்கி. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் அந்தச் செலவு, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படும். சப்ளையர் பட்டியலில் உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு வகைக்கு ஒரு பத்தி சேர்த்து, சரக்கை ஏற்ற தேதியிலிருந்து நாளைக் கணக்கிட்டால் ஒரே மாலையில் முடியும் வேலை. ரசாயனமும் அட்டைப்பெட்டியும் சிறு நிறுவனங்களிடம் வாங்கும் கம்பெனிகள் மார்ச் வரை காத்திராமல் ஜனவரியிலேயே இதைப் பார்ப்பது நல்லது.

பவர் பிஐ

தரவை வரைபடப் பக்கங்களாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இது. இதன் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். பகிரும்போதுதான் செலவு: தயாரிப்பவர் மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் ப்ரோ உரிமம் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு மாதம் 14 டாலர். முதலாளி, இரண்டு பங்குதாரர், கணக்காளர் என நான்கு பேர் என்றால் தாங்கும். மேஸ்திரிகள் வரை போனால் யோசிக்க வேண்டும். செலவைத் தவிர்க்கச் சிலர் ‘வலையில் வெளியிடு’ என்ற வசதியை அழுத்திவிடுகிறார்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் உங்கள் விலைப்பட்டியலைப் பார்க்கலாம். ஒருபோதும் செய்யாதீர்கள்.

ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 முறை தானாகப் புதுப்பிக்கலாம். ஆனால் தரவு அலுவலகக் கணினியில் இருந்தால் அதில் கேட்வே (அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கும் மென்பொருள்) நிறுவி, கணினியை அணைக்காமல் வைக்க வேண்டும். மின்சாரம் போய், புதுப்பித்தல் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ தானாகப் புதுப்பிப்பதையே நிறுத்திவிடும். யாரும் கவனிக்காவிட்டால் பத்து நாள் பழைய எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார்கள். பக்கத்தின் மேலே கடைசிப் புதுப்பிப்புத் தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.

பவர் பிஐ எக்செலை உண்மையில் வெல்வது கிளைகள் உள்ள இடத்தில். வேலூர் லாங்கு பஜாரில் ஒன்று, குடியாத்தத்தில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று என்று கடை வைத்திருக்கும் ஜவுளிக்காரருக்கு, எந்தக் கடையில் எந்த அளவுச் சட்டை அறுபது நாளாக நகரவில்லை என்பதை ஒரே திரையில் காட்டுவதில் இதற்கு இணையில்லை. மாவட்ட வாரியாகப் படம் போடும்போது மட்டும் எச்சரிக்கை: 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பில்களில் ஆம்பூரும் ஆற்காடும் ‘வேலூர்’ என்றே இருக்கும், பிந்தையதில் திருப்பத்தூர், ராணிப்பேட்டை. அப்படியே ஒப்பிட்டால் வேலூர் விற்பனை சரிந்ததுபோல் பொய்யாகத் தெரியும். மாவட்டப் பெயரை விட்டு அஞ்சல் குறியீட்டை வைத்துத் தொகுங்கள்.

கூகுள் ஷீட்ஸும் லுக்கர் ஸ்டுடியோவும்

ஷீட்ஸ் என்பது இணையத்தில் இயங்கும் கூகுளின் எக்செல் போன்ற தாள், லுக்கர் ஸ்டுடியோ அதை வரைபடமாக்கும் கருவி. இலவசம், போனில் திறக்கும், கிளைக்காரர் அங்கிருந்தே எழுதலாம். ஷீட்ஸின் எல்லை ஒரு கோடி செல்கள்; அதற்கு வெகு முன்பே வேகம் குறையும். டிரம் நோட்டை போனில் பதிய இதுவே நல்ல வழி. டேலி முழுவதையும் இதில் கொட்டாதீர்கள்.

வெளியாள், முன்கணிப்பு

காட்பாடி பக்கம் படித்த திறமையான பிள்ளைகள் கிடைப்பார்கள், ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. ‘ஏஐ வைத்து விற்பனையைக் கணிக்கிறோம்’ என்று தொடங்குபவரிடம் எத்தனை மாதத் தரவு வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாண்டு என்பது 36 புள்ளிகள்தான். அதிலும் நம் ஊர் வியாபாரம் ஆங்கில மாதத்தில் ஓடுவதில்லை. ரம்ஜானும் பக்ரீத்தும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வரும். பக்ரீத்தை ஒட்டிப் பச்சைத்தோல் வரத்து குவியும். தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் மாறும். சென்ற ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடும் எந்தக் கணிப்பும் இங்கே தவறும். பண்டிகைக்கு எத்தனை வாரம் முன், பின் என்று தேதிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து ஒப்பிட்டாலே பாதி ‘கணிப்பு’ முடிந்துவிடும்.

வெளியாளை அமர்த்துவதானால் ஒரே கேள்வியைக் கொடுங்கள்: ‘எந்த மண்டிக்காரரின் தோலில் சதுர அடி அடக்கம் குறைவு?’ வாடிக்கையாளர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிட்டுத் தரவைக் கொடுங்கள். பவர் குவெரி படிகள் உள்ள மூலக் கோப்பு, வெவ்வேறாக எழுதிய பெயர்களை ஒன்றாக்கும் பெயர் மாற்றப் பட்டியல், இரண்டு பக்கச் செயல்முறைக் குறிப்பு ஆகிய மூன்றும் உங்கள் கையில் வந்து, உங்கள் கணக்காளர் ஒரு மாதத்தைத் தானே ஓட்டிக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.