மான் விசில்: காட்டுச் சாலையில் பைக்குக்கு உதவுமா?

ஆன்லைன் கடைகளில் ‘அனிமல் வார்னிங் விசில்’ என்று விற்கிறார்களே, அதைப் பற்றி. கட்டைவிரல் அளவில் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் இரண்டு, ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப், விலை சில நூறு ரூபாய். வயரிங் எதுவும் வேண்டாம். வண்டி 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காற்று உள்ளே புகுந்து 16 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புமாம். நமக்குப் பெரும்பாலும் கேட்காது, மான் கேட்டு ஒதுங்கிவிடுமாம். முதுமலை, பண்ணாரி–திம்பம் பக்கம் பைக்கில் போகிறவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை.

முதல் கோளாறு அந்த 50தான். முதுமலைக்குள் பலகையில் இருப்பது 30. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். 50-ஐத் தொட இடம் ஏது? ஒழுங்காக ஓட்டுகிறவர் வண்டியில் இந்த விசில் ஊதவே ஊதாது.

சரி, ஊதுகிறது என்றே வைத்துக்கொள்வோம். யானைக்குச் சுமார் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. மயிலுக்கும் அந்த உயரத்து ஒலி எட்டாது, பறவைகளின் காது அப்படி. மானுக்குக் கேட்கும், ஆனால் கேட்டால் ஓட வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் வண்டியிலிருந்து 0.28 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரை பல ஒலிகளை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மான்கள் விபத்தைத் தவிர்க்கிற மாதிரி நடந்துகொள்ளவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். உயர்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதும் உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் புதருக்குள் நிற்கிற கடமானுக்கு அது போய்ச் சேராது. பொருத்துவதிலும் தொல்லை. வாய் நேராகக் காற்றைப் பார்க்க வேண்டும், பைக்கில் அப்படி இடம் குறைவு. மழைக்காலத்தில் பூச்சியும் சேறும் துளையை அடைத்துவிடும். அடைத்ததும் தெரியாது, நம்மில் பலருக்குத்தான் அது கேட்காதே.

பணத்தை வெளிச்சத்தில் போடுங்கள். கணக்கு இதுதான்: விலங்கைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி, காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். 30 கி.மீ. வேகத்தில் போனால் நிற்க 18 மீட்டர் வேண்டும், 40-இல் 27, 60-இல் 48, 80-இல் 74. சாதாரண 125 சிசி வண்டியின் லோ பீமில் தெளிவாகத் தெரிவது 30, 40 மீட்டர்தான். 60-இல் போகிறவர் தெரியாத இடத்துக்குள் ஓட்டுகிறார்.

முதலில் செய்ய வேண்டியதற்குக் காசே வேண்டாம். டயரில் காற்று சரிபார்த்து, சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, மேலே ஓட்டுபவர் உட்காரட்டும். லோ பீமின் மேல் விளிம்பு ஹெட்லைட் நடுமட்டத்துக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். விழாவிட்டால் ஹெட்லைட்டின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். பின்னால் ஆள் ஏறினால் வெளிச்சம் மேலே தூக்கும்; மரம் தெரியும், தார் தெரியாது. அப்போது மறுபடி இறக்க வேண்டும், அல்லது பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை) ஏற்ற வேண்டும்.

கூடுதல் விளக்கு போடுவதென்றால் அகலமாகப் பரவும் வகையை எடுங்கள். விலங்கு வருவது ஓரத்திலிருந்து. ஒற்றைப் புள்ளியாகத் தூரத்தில் அடிக்கிற விளக்கு கடையில் பார்க்க அழகு, அவ்வளவுதான். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 3.3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ரிலே (சுவிட்சுக்குப் பதிலாக அதிக கரண்டைத் தாங்கும் சின்னப் பெட்டி) வைத்து பேட்டரியிலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் வயரைச் சீவி அதில் முறுக்கிவிடுகிற மெக்கானிக் இருந்தால் வேறு கடை பாருங்கள், சுவிட்ச் கருகும். சின்ன வண்டிகளில் ஐடிலிங்கில் பேட்டரி இறங்கும், நிற்கும்போது அணைத்துவிடுங்கள். எதிர்வண்டி வந்தாலும் அணைக்க வேண்டும், அதனால் சுவிட்ச் இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு நல்ல விளக்கானாலும் காட்டுப்பன்றி ஏமாற்றும். மானின் கண் வெளிச்சத்தில் பளிச்சிடும், பன்றியின் கண் பளிச்சிடாது. உடலும் கறுப்பு, உயரமும் குறைவு. முன்சக்கரம் மோதினால் ஹாண்டில் கையை விட்டுப் போய்விடும். புள்ளிமான் ஒன்று கடந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் கூட்டம் வரும். குறுக்கே வந்துவிட்டால் வெட்டித் திருப்புவதைவிட வண்டியை நேராக வைத்து இரண்டு பிரேக்கையும் பிடிப்பதே மேல். சிங்கிள் சேனல் ஏபிஎஸ் (முன்சக்கரம் பூட்டாமல் மட்டும் காக்கும் பிரேக் வசதி) என்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

முதுமலையை அடுத்த பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதற்குள் தாண்டிவிடலாம் என்று மாலை மங்கிய நேரத்தில் விரட்டுவதுதான் வினை, மான்கள் நடமாடுகிற நேரமும் அதுவே.

யானை விஷயத்தில் எந்தச் சாதனமும் கிடையாது. ஹார்ன் வேண்டாம், ஹை பீம் அடித்து அணைத்து விளையாட வேண்டாம். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. தூரத்திலேயே நின்று, சாலை அகலமாக இருக்கும் இடத்திலேயே வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருங்கள். முன்னால் ஒரு பஸ்ஸோ லாரியோ நின்றால் அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள், இடுக்கில் நுழைந்து முந்த வேண்டாம்.