வாடகைக் கதிரடி இயந்திரம்: கூலியைப் பேசுமுன் உருளை வேகத்தைக் கேளுங்கள்

நெல் அடிக்க வாடகைக்கு இயந்திரம் எடுப்பவர்கள் என்னைப்போல் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, சென்ற அறுவடையில் நடந்ததை எழுதுகிறேன்.

மணியின் ஈரப்பதம் 22 சதவீதமாக இருந்தபோது கதிரை அறுத்துவிட்டு, மறுநாளே வருவதாக உறுதி சொன்ன இயந்திரக்காரருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்தது ஆறாம் நாள். காய்ந்த நெல் மீண்டும் ஈரத்தை உறிஞ்சினால் உள்ளே வெடிக்கும் என்பதால், பகல் வெயிலும் இரவுப் பனியும் அதற்குள்ளாகவே மணிகளில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கியிருந்தன. அதற்கு முன் கோதுமை அடித்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. கதிரை அடித்து மணியை உதிர்க்கும் பல் உருளையின் வேகத்தை நெல்லுக்கு ஏற்றபடி குறைத்துவிட்டதாக அவர் கூசாமல் சொன்னார். கூலி மூட்டைக் கணக்கு என்பதால், விரைந்து அடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவதே அவருக்கு ஆதாயம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சுழற்சிமானி நிமிடத்துக்கு 1,100 சுற்று காட்டியதைப் பார்த்தேன். கணக்கைப் பிறகுதான் போட்டேன். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை அந்த வேகத்தில் சுற்றினால், அதன் பற்களின் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர் வேகத்தில் கதிரை அறைகிறது. நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படுவது 12 முதல் 16 மீட்டர்தான், அதாவது அந்த உருளைக்கு 570 முதல் 760 சுற்றுகள். விதைநெல்லுக்கு அதனினும் குறைவாக வைக்க வேண்டும்.

நல்லவேளையாக, அதே அடுக்கிலிருந்து சில கட்டுகளை விதைக்கென்று ஒதுக்கி, பலகையில் கையால் அடித்திருந்தேன். இரண்டிலும் நூறு மணிகளை உமி நீக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, இயந்திரம் அடித்ததில் முப்பதுக்கு மேல் விரிசல் கண்டிருந்தன. கையால் அடித்ததில் பத்துக்கும் குறைவு. (தாளில் தங்கிப்போன மணிகள் கையடியில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இயந்திர நெல்லில் உமி உரிந்த மணிகளும் கலந்திருந்தன, உமி இல்லாத மணியில் பூச்சி எளிதில் விழும். அரைத்தபோது முழு அரிசி குறைந்து குருணை பெருகியது. விலையும் அதற்கேற்பவே கிடைத்தது.

இயந்திரக்காரரிடம் முறையிட்டபோது, குறை அரிசி ஆலையில்தான் என்று கைவிரித்தார். வாங்கிய கூலியில் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. ஆலையில் உடைந்ததென்றால், அரைக்கும் முன்பே உமிக்குள் விரிசல் எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆகவே முதல் கட்டை மட்டும் அடிக்கச் சொல்லி, விழுந்த மணிகளை உரித்துப் பார்த்த பிறகே மீதியை உள்ளே விட அனுமதியுங்கள். சுழற்சியை அளக்கும் சிறு கருவி ஒன்றை நான் இப்போது கையில் வைத்திருக்கிறேன். அதை எடுத்ததைப் பார்த்ததுமே இயந்திரக்காரர்கள் இருவர், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.